கோல் அடிக்காத சத்தியம்

பூவரசங்கலட்டிச் சங்கக்கடை மனேச்சர் பரமலிங்கத்துக்கு ஊர் வைத்த பெயர் 'கண்டுக்காரர்'. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. பங்கீட்டுச் சீனி அவர் கையால் அளந்து வரவேண்டியிருக்கும்போது யார் சொல்வார்கள்? அவருடைய சைக்கிள் தெரு முடக்கால் திரும்பி மறைந்த பிறகுதான் சொல்வார்கள். கண்டு என்றால் கன்று; மாடு வளர்க்கிறவன் கன்றுகளை ஆளாக்கி விற்பதைப்போல, மனுசன் பொடியன்களை ஆளாக்கி யாழ்ப்பாணத்துப் பெரிய கழகங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் காரணம்.

பண்டத்தரிப்புக்கு அங்காலே உள்ள அந்தச் சின்ன ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம். முத்தொளி என்று பெயர். பரமலிங்கம்தான் செயலாளர். லீக்கில் இரண்டாம் பிரிவு. மேலே ஏறினதுமில்லை, கீழே இறங்குவதற்குப் பிரிவு இருந்ததுமில்லை. ஆனால் முத்தொளிப் பொடியன் ஒருவன் பந்தை நிறுத்துகிற விதத்தைப் பார்த்தால் நகரத்துக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அதற்கு மூலகாரணம் பரமலிங்கத்தின் பயிற்சி என்று பரமலிங்கம் சொல்லுவார். உண்மையான காரணம் மைதானம். வெறும் கலட்டி. மண்ணுக்குள்ளிருந்து சுண்ணாம்புக் கல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் பந்து இரண்டு முறை விழுந்தால் இரண்டு திசைக்குப் போகும். அதில் பழகினவனுக்கு நகரத்துப் புல் மைதானம் மெத்தை மாதிரி.

கொடுக்கிற பொடியனுக்குப் பதிலாகக் கழகத்துக்கு ஏதாவது வரும். காசாக வாங்குவது மரியாதையில்லை என்று பரமலிங்கம் நினைத்தார்; பொருளாக வாங்குவார். அதனால் கழகத்தின் கொட்டிலைப் பார்த்து ஊரார் இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள்: "உந்தக் கூரைத்தகடு மார்க்கண்டற்றை மூத்தவன். வலை ரண்டும் பொன்னம்பலத்தாற்றை பேரன். சிவப்புச் சட்டையள் நல்லம்மாக்காவின்ரை கடைக்குட்டி." மழைக்குக் கொட்டிலில் ஒதுங்குகிறவன், "மார்க்கண்டற்றை மூத்தவன் ஒழுகிறான்" என்று சொல்லிச் சிரிப்பான். மார்க்கண்டர் சிரிக்கமாட்டார்.

முதல் முதல் கொடுத்த பொடியன், கொடுத்த அடுத்த வருசமே வந்து முத்தொளிக்கு எதிராக மூன்று கோல் அடித்துவிட்டுப் போனான். அன்றிரவு பரமலிங்கத்தின் படலைக்கு யாரோ சாணம் பூசியிருந்தார்கள். பூசினது ஆர் என்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்த ஊரிலும் எந்தச் செயலாளருக்கும் வந்திருக்காது.

விற்கிற பொடியனை ஒரு வெள்ளிக்கிழமை வைரவர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கற்பூரம் கொளுத்துவார். "முத்தொளிக்கு எதிராகக் காலாலையும் தலையாலையும் கோல் அடிக்கமாட்டன்" என்று பொடியன் சொல்லி, கையால் அந்தச் சுடரை அணைக்க வேண்டும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அதை மீறினால் வைரவர் சும்மா விடமாட்டார் என்பது பொடியனுக்கும் தெரியும், அவனைப் பெற்றவளுக்கும் தெரியும். வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் சாமானின் பெறுமதி விழுந்துவிடும் அல்லவா?

சத்தியம் வேலை செய்தது. மார்க்கண்டற்றை மூத்தவன் அடுத்த வருசம் நகரத்துச் சட்டையோடு வந்து, வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். பொன்னம்பலத்தாரின் பேரனுக்கு முத்தொளியைக் கண்டவுடனே தொடை பிடித்துக்கொள்ளும். ஊர் கைதட்டியது. பரமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார்.

எல்லாம் இருந்தும் வெற்றிக்கிண்ணம் மட்டும் இல்லை. சங்கக்கடையில் கணக்கு எழுதும்போதும், கோவிலில் கும்பிடும்போதும், மனுசனின் மனதில் கிடந்தது அந்த ஒன்றுதான். ஒரு கிண்ணம். ஒரேயொரு தடவை. தன் பெயரைச் சொல்லி ஊர் ஒருநாள் வெடி கொளுத்தவேண்டும். கண்டுக்காரர் என்ற பெயர் அந்தப் புகையோடு போகவேண்டும். அதற்குத்தான் நகுலேஸ்வரனை வைத்திருந்தார்.

நகுலேஸ், ஞானாம்பிகையின் மகன். பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை. சண்டைக்காலம், மண்ணெண்ணெய்க்குத் தடை. தண்ணீர் இறைக்கிற மெசினெல்லாம் கொட்டிலில் தூங்க, பொடியன் காலையும் மாலையும் புகையிலைக் கன்றுக்குக் கிணற்றுத் துலா மிதித்தான். மிதித்து மிதித்து இறுகின கால் அது. அந்தக் காலால் அடித்த பந்தைப் பிடிக்கக்கூடியவன் ஒரேயொருவன், முத்தொளியின் கோலி சந்தியோகு. சில்லாலைப் பக்கத்துக்காரன், வயது முப்பதுக்கு மேல். கோலிகளை யாரும் கேட்டு வருவதில்லை என்பதால் விற்காமல் மிஞ்சியிருந்தவன்.

"உவனைக் குடுக்கமாட்டன்," என்று பரமலிங்கம் மனைவி நாகேஸ்வரியிடம் சொன்னார். "கிண்ணம் வீட்டை வந்தாப்பிறகு பாப்பம்."

"இஞ்சருங்கோ, போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள்," என்றாள் நாகேஸ்வரி, அரிசியைப் புடைத்துக்கொண்டே. "அப்ப கூரைத்தகடு வந்தது."

"இது வேறை."

"ஓமோம். இந்த முறை என்ன, கதவும் யன்னலுமோ?"

இந்த உரையாடல் வேலிக்கு இந்தப் பக்கமும் நன்றாகக் கேட்டது. அடுத்த நாள் கிணற்றடியில் இதுதான் கதை.

தொண்ணூற்றிரண்டாம் வருசக் கடைசி. திருநெல்வேலியில் ஒரு கழகம், பிரிவு பாராமல் எல்லாரும் ஆடலாம் என்று ஒரு வெற்றிக்கிண்ணப் போட்டி வைத்தது. முத்தொளியும் பெயர் கொடுத்தது. பயிற்சி தொடங்கின கிழமையே கழகத்தின் கடைசிப் பந்து வெடித்தது. ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு, தைத்ததற்குமேல் தைத்து ஓட்டின பந்து. நகுலேஸ் அடித்த அடியில் போய் ஒரு கல்லில் குத்துப்பட்டது. ஆள் செத்ததுபோல் ஒரு சத்தம். கொழும்பிலிருந்து உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமே வராத காலத்தில் பந்து எங்கே வரும்? தேங்காய்ப் பொச்சைச் சாக்கில் சுற்றிக் கட்டி உதைத்துப் பார்த்தார்கள். அது உருளவில்லை, படுத்தது.

சனங்கள் சொல்வார்கள், காகத்துக்குச் சோற்று மணம் தெரியும் வேகத்தில் சோமசேகரத்துக்கு இந்தச் சங்கதி தெரிந்துவிட்டது என்று. சோமசேகரம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இரும்புக்கடை வைத்திருப்பவர். வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தின் தலைவர். முத்தொளியின் கன்றுகளில் பாதி அவருடைய பட்டியில்தான். மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்சைக்கிளில், ஊர் முழுக்கப் புகையடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்னுக்கு ஒரு உரப்பை. உள்ளே இரண்டு புத்தம்புதுப் பந்து. கிளாலிக் கடலால், படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எவனோ கொண்டுவந்தது.

"மணந்து பாரும் மனேச்சர்," என்றார்.

பரமலிங்கம் மணக்கத்தான் செய்தார். புதுத் தோல்.

"நகுலேஸைத் தவிர ஆரை வேணுமெண்டாலும் கேளுங்கோ முதலாளி."

"வேறை ஆரைக் கேக்கிறதுக்கு நான் உவ்வளவு தூரம் மண்ணெண்ணெய் எரிச்சுக்கொண்டு வாறன்?"

"இந்தப் போட்டி முடியட்டும்."

"போட்டிக்குத்தான் வேணும். முடிஞ்சாப்பிறகு நான் அவனைக் கடையிலை தொங்கவிடுறதோ?"

பரமலிங்கம் கொட்டிலைப் பார்த்தார், பொச்சுப் பந்தைப் பார்த்தார், அதைச் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பொடியன்களைப் பார்த்தார். பந்தில்லாவிட்டால் கழகமே இல்லை, இது நியாயம். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய மூளையில் ஓடினது நியாயமில்லை, கெட்டித்தனம். பந்தும் வரும், நகுலேஸும் சத்தியம் பண்ணிவிட்டுப் போவான். வெண்சங்கு மற்றப் பக்கத்துக் குலுக்கலில் இருக்கிறது. சந்தித்தால் கடைசி ஆட்டத்தில்தான். சந்தித்தால், அவர்களுடைய முன்வரிசையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைத் தானே பந்து கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறான் சோமசேகரம்!

இரண்டு பேரும் ஞானாம்பிகையின் வளவுக்குப் போனார்கள். முதலாளி கடையில் வேலை, மத்தியானச் சாப்பாடு, தாய்க்கு மாதம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் என்றதும் ஞானாம்பிகை தலையை நிமிர்த்தினாள்.

"முழுப் போத்தலோ?"

"முழுப் போத்தல் அம்மா. கழுத்துவரை."

"மனேச்சர் அண்ணை சொன்னாச் சரிதான்," என்றாள்.

நகுலேஸ் அந்த நேரம் துலாவில் நின்றான். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக அவன் கால்களையே சோமசேகரம் பார்த்துக்கொண்டிருந்தார், இரும்புக்கடைக்காரன் கம்பியின் தடிப்பைப் பார்ப்பதுபோல. அவனை இறங்கி வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வைரவர் கோவிலில் பாதிக் கற்பூரம்தான் இருந்தது. அதுவும் தட்டுப்பாடு. நகுலேஸ் வாய்க்குள் சொன்னான்.

"சத்தமாச் சொல்லடா தம்பி. வைரவருக்குக் கேக்கவேணும்."

சத்தமாகச் சொன்னான். அணைத்தான். கையை வேட்டியில் துடைத்தான். பரமலிங்கத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பரமலிங்கத்துக்கோ, நெஞ்சு நிறைய நிம்மதி. அந்த நிம்மதியோடு சங்கக்கடையில் அன்று இரண்டு பேருக்குச் சீனி கூட அளந்துவிட்டாராம்.

கடைசி ஆட்டம்வரை முத்தொளி போனதை ஊர் நம்பவில்லை. புதுப்பந்தில் பழகின கால்கள். சந்தியோகு கோலில் நின்றான். முன்னுக்குத் தயாபரன் என்றொரு பொடியன் இடது பக்கத்தால் பாம்புபோல் போனான். நகுலேஸ் இருந்த நிழலில் அவனை ஒருவரும் கண்டிருக்கவில்லை. அரையிறுதி வென்ற அன்று பரமலிங்கத்தின் படலையடியில் நின்று கும்பிட்டவர்களில் சாணம் பூசினவனும் ஒருவன். கடைசி ஆட்டத்துக்கு ஊரே சைக்கிளில் திருநெல்வேலிக்கு இறங்கியது. நாகேஸ்வரிகூட ஒருவரின் கரியரில் ஏறி வந்திருந்தாள். கோவில் திருவிழாவுக்கு வைத்திருந்த வெடிக்கட்டு ஒன்றும் உரப்பைக்குள் வந்தது.

வெண்சங்கு வரிசையாக இறங்கியதும் பரமலிங்கம் எண்ணிப் பார்த்தார். மார்க்கண்டற்றை மூத்தவன், பொன்னம்பலத்தாரின் பேரன், நகுலேஸ். மூன்று பேரும் பின்னுக்கு நின்றார்கள், தங்கள் கோலுக்கு முன்னால், சுவர் கட்டினமாதிரி.

"பாத்தியளே, நகுலேஸை முன்னுக்கே விடேல்லை. முதலாளிக்கு மண்டைக்குள்ளை ஒண்டுமில்லை," என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பத்து நிமிசம் இருந்தது.

பத்து நிமிசத்துக்குள் விளங்கிவிட்டது. முத்தொளி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு முத்தொளிப் பொடியன் நின்றான். தயாபரன் இடதால் போகிறமாதிரிக் காட்டி உள்ளே வெட்டுவான் என்பது நகுலேஸுக்குத் தெரியும். மூலையிலிருந்து வருகிற பந்து இரண்டாவது கம்பத்துக்குத்தான் வரும் என்பது மார்க்கண்டற்றை மூத்தவனுக்குத் தெரியும். எல்லாம் பரமலிங்கமே வருசக்கணக்காகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவை. அவருடைய பாடத்தை அவருக்கே ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் நகரத்துப் பொடியன் ஒருவன் சும்மா உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, சந்தியோகுவின் முதுகில் பட்டு, உள்ளே போனது.

இடைவேளைக்குச் சற்று முன் குண்டு போடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டது. நடுவர் விசிலை ஊதினாரோ இல்லையோ, மைதானம் வெறுமையானது. சனம் வேலிக்குள்ளும் மரத்தடியிலும் படுத்தது. ஆடினவர்கள் ஓரத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தார்கள். சிவப்புச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் ஒன்றுக்குமேல் ஒன்று. பரமலிங்கம் விழுந்தது நகுலேஸுக்குப் பக்கத்தில்.

வானத்தில் அது சுற்றியது. பரமலிங்கம் குனிந்து அவன் காதுக்குள் சொன்னார்: "தம்பி, ஒண்டை விடடா. ஒரேயொண்டு."

நகுலேஸ் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைரவரிட்டைச் சொன்னனியல்லே?"

"அடிக்கமாட்டன் எண்டுதானே அண்ணை சொன்னனான். அடிக்கேல்லை. மறிக்கமாட்டன் எண்டு நீங்கள் சொல்லச் சொல்லேல்லையே."

"டேய், அது உன்ரை ஊரடா!"

"ஓம். ஊர்தான்." முழங்காலில் ஒட்டின மண்ணைச் சுரண்டினான். "போறியோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா நான் இல்லையெண்டிருப்பன் அண்ணை. துலாவிலைதான் நிண்டனான். கூப்பிட்டாக் கேக்கிற தூரம்."

அந்த மண்வெட்டுக்குள் மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் குந்தியிருந்த சோமசேகரம்.

"என்ன மனேச்சர், உங்கடை வைரவருக்கு நாங்களும் மரியாதை குடுக்கிறம்தானே? மார்க்கண்டற்றை பொடியன் கடையிலை எப்பவோ சொல்லிப்போட்டான். அதுதான் உங்கடை ஆக்கள் ஒருத்தரையும் முன்னுக்கு விடேல்லை. சாமிக்குத்தம் எங்களுக்கும் கூடாது."

பொம்மர் போய்விட்டது. எங்கேயோ தூரத்தில் இரண்டு முறை நிலம் அதிர்ந்தது. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். நடுவர் பந்தைத் தேடினார். அது மைதானத்தின் நடுவில், விட்ட இடத்திலேயே கிடந்தது.

இரண்டாம் பாதி முழுக்க முத்தொளி மோதியது. கடைசிக்குக் கிட்டத் தயாபரன் ஒருவனை வெட்டினான், இன்னொருவனை வெட்டினான், மார்க்கண்டற்றை மூத்தவனைக் காலுக்குள்ளால் தாண்டினான். முன்னுக்கு நகுலேஸ் மட்டும். ஊர் எழும்பி நின்றது. வெடிக்கட்டை எடுத்துத் திரியைப் பிரித்துவிட்டான் ஒருவன். பரமலிங்கத்தின் உதடு அசைந்தது, விடு, விடு, விடு. நகுலேஸ் ஒரு கணம் நின்றான். நின்றதை எல்லாரும் கண்டார்கள்; விடத்தான் போகிறான் என்று நினைத்தவர்களும் உண்டு. பிறகு, நியாயமாக, சுத்தமாக, பந்தை மட்டும் குறிபார்த்துக் காலை நீட்டினான். பந்து வெளியே போனது. தயாபரன் அதே வேகத்தில் நிலத்தில் விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தூக்கிவிட்டவனும் நகுலேஸ்தான்.

விசில் ஊதியது. ஒன்றுக்குப் பூச்சியம். கிண்ணத்தைத் தூக்கும்போது சோமசேகரத்தின் கழுத்தில் மாலை, பக்கத்தில் நகுலேஸ். அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வெடிக்கட்டை உரப்பைக்குள் திரும்ப வைத்தவன் கெட்ட வார்த்தை ஒன்றைப் பொதுவாகச் சொன்னான். அது பரமலிங்கத்துக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சந்தியோகு கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"மனேச்சர், ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. உவனிட்டை எதுக்கு உந்தச் சத்தியம்?"

"அவன் அடிச்சா ஆர் பிடிக்கிறது?"

"நான் பிடிக்கிறது!" என்று சந்தியோகு கத்தினான். "நாலு வருசமாப் பின்னேரம் பின்னேரம் அவன் அடிச்சுத்தானே நான் பிடிச்சனான்? வலது மூலைக்கு அடிக்கப்போறானெண்டா இடது தோளைப் பதிப்பான். கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பன். அவனை முன்னுக்கு விட்டிருந்தாத் தயாபரன் இண்டைக்கு மூண்டு அடிச்சிருப்பான். நீங்கள் வைரவரைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு நிப்பாட்டிவிட்டியள்."

பரமலிங்கம் சைக்கிளை எடுத்தார். தயாபரனின் கால் வீங்கியிருந்ததால் அவனைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நாகேஸ்வரி வேறொருவரின் கரியரில் முன்னாலேயே போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மானிப்பாய் தாண்டும்போது பின்னாலிருந்து புகைமணம் வந்தது. மோட்டார்சைக்கிள் மெதுவாகிப் பக்கத்தில் உருண்டது. சோமசேகரத்தின் கழுத்தில் இன்னும் மாலை.

"நல்ல ஆட்டம் மனேச்சர்."

"ம்."

"உந்தப் பொடியனுக்கு எத்தினை வயசு?"

தயாபரனின் தலை பரமலிங்கத்தின் தாடைக்குக் கீழே இருந்தது. எண்ணெயும் மண்ணும் மணந்தது. பரமலிங்கம் பேசாமல்தான் இருக்க நினைத்தார். ஆனால் அவரைக் கேளாமலே வாய் திறந்தது.

"பதினேழு. இடதுகால். வலதாலையும் அடிப்பான்."

சொன்னபிறகு, தன் கைகளுக்குள்ளே பொடியனின் முதுகு விறைத்ததை உணர்ந்தார்.

"இறக்கிவிடுங்கோ அண்ணை," என்றான் தயாபரன். "நான் நடந்து வாறன்."

"விசரே? கால் வீங்கிக் கிடக்கு. இன்னும் எவ்வளவு தூரம்."

"இறக்கிவிடுங்கோ."

சைக்கிள் நின்றது. பொடியன் பாரிலிருந்து வழுகி இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து, வேலியோரமாக முன்னே நடந்தான். பரமலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்; கிட்டப் போகவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

சோமசேகரம் எஞ்சினை நிறுத்தவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொடியன் கால் வைக்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பிலை ஒண்டுமில்லைப் போலை கிடக்கு," என்றார். "என்ன மனேச்சர், ரண்டு கிழமையிலை வீக்கம் மாறிடுமே?"